ஹாமில்ட்டன் நாடகத்தில் ஜார்ஜ் மன்னர் பாடும் பாட்டு: சிரிப்பு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் பாடுவது?

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஹாமில்ட்டன் இசை நாடகத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பாடும் ‘யூல் பி பேக்’ வில்லன் பாட்டா, காமெடிப் பாட்டா என்பது ஒன்று. நிஜ மன்னர் அப்படிப்பட்டவர்தானா என்பது இன்னொன்று. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: கல்லூரி விழாவுக்கு ஒத்திகை பார்த்தபோது சுருதி, தாளம் எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். மிரட்டல் ஒன்று எப்படிச் சிரிப்பாக மாறுகிறது, அந்த மாற்றம் உங்கள் ஒத்திகையில் ஏன் நடக்கவில்லை என்பதே கேள்வி. மேடைப் பாட்டுக்குக் குரல் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வரலாறும் இதில் வரும். இந்தப் பாட்டில் வரலாறு தெரியாமல் நடிப்பு சரியாக அமையாது.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லின்-மேனுவல் மிராண்டா எழுதி இசையமைத்த ஹாமில்ட்டன், 2015 பிப்ரவரியில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி அந்நகரின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டரிலும் அரங்கேறியது. அமெரிக்காவின் முதல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்ட்டனின் கதை. புரட்சிக்காரர்கள் பெரும்பாலும் ராப்பில் பேசுகிறார்கள். மொத்தம் 20,000-க்கும் அதிகமான சொற்கள் அந்த நாடகத்தில் இருக்கின்றன. முதல் ஆறு பாடல்களில் அந்தச் சொல்மழையில் நனைந்து அரங்கம் திணறிக்கொண்டிருக்கும்போது, ஏழாவது பாடலுக்குக் கிரீடமும் செங்கோலுமாக மன்னர் தனியாக வருகிறார். ராப் நின்றுவிடுகிறது. ஹார்ப்சிகார்டு என்ற பழைய ஐரோப்பிய வாத்தியம் போன்ற கீபோர்டு ஒலியோடு, 1960-களின் பிரிட்டிஷ் பாப் சாயலில், பீட்டில்ஸ் காலத்து மெட்டு ஒன்று தொடங்குகிறது. காதுக்கு ஓய்வு கிடைத்த நிம்மதியிலேயே அரங்கம் பாதி இளகிவிடும். கல்லூரி மேடையில் தனிப்பாட்டாகப் பாடும் உங்களுக்கு அந்த ஆறு பாடல்கள் கொடுக்கும் முன்தயாரிப்பு கிடையாது. ஒத்திகையில் சிரிப்பு வராததற்கு முதல் காரணம் இது. உங்கள் குரலில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பாட்டின் சொற்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், பிரிந்து போகும் காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதம். நீ திரும்பி வருவாய், நாம் ஒப்பந்தம் செய்துகொண்டோமே, நான் உன்னை எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று கெஞ்சலும் உரிமையும் கலந்து போகிறது. காதலி இடத்தில் இருப்பது அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள். காதலுக்குக் கேட்கப்படும் விலை, வரி. அவள் கோபத்தில் கடலில் வீசும் தேநீர், 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. இந்தியத் தேயிலை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் கம்பெனி விற்றது சீனாவிலிருந்து வாங்கிய தேயிலையைத்தான்.

இந்த விவரம் தெரியாத அரங்கத்துக்கு முதல் சரணத்தில் சிரிக்க எதுவுமே இல்லை. ஆகவே முதல் வேலை: பாட்டுக்கு முன் தொகுப்பாளர் மூன்றே வாக்கியம் சொல்ல வேண்டும். பாடுகிறவர் இங்கிலாந்து மன்னர். ‘நீ’ என்று அவர் அழைப்பது அமெரிக்கக் குடியேற்றங்களை. அவர்கள் வரி கட்ட மறுத்துத் தேயிலையைக் கடலில் கொட்டிவிட்டார்கள். அவ்வளவு போதும். “இப்போது ஒரு நகைச்சுவைப் பாடல்” என்று மட்டும் அறிவிக்கச் சொல்லாதீர்கள். அப்படி அறிவித்துவிட்டால் ஆடியன்ஸ் முதல் வரியிலிருந்தே ஜோக்கைத் தேடும். இந்தப் பாட்டோ முதல் நிமிடத்துக்கு மேல் ஜோக்கைக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறது.

அது எங்கே வெடிக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பல்லவியின் தொடக்கம் ஆங்கிலத்தில் மூன்று மூன்று அசைகளாகத் துண்டுபட்டு வருகிறது. திரும்பி வருவாய் என்று மூன்று அசை, சீக்கிரம் உனக்கே தெரியும் என்று மூன்று அசை. கடல் பொங்கட்டும், பேரரசு விழட்டும் என்று சொல்லும் இடத்திலும் அதே மூன்று மூன்றுதான். காது அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் முடிவு வரியில், என் காதலை உனக்கு நினைவூட்ட முழு ஆயுதம் தரித்த படைப்பிரிவை அனுப்புவேன் என்கிறார் மன்னர். ஆங்கிலத்தில் அந்த வரி 17 அசைகள். ஒரே மூச்சில், இடைவெளி இல்லாமல் வழிந்து ஓடி, கடைசி அசையில் ‘லவ்’ என்று இனிமையாக அமர்கிறது. படை என்ற சொல் வரும்போது மெட்டு கறுக்கவில்லை, தாளம் இறுகவில்லை. பக்கவாத்தியம் எதுவும் எச்சரிக்கவில்லை. அதற்கு முன்பிருந்த அதே வெயில் அடிக்கும் மேஜர் ஸ்கேல்தான். நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுவரங்கள். சொல்லில் ரத்தம் இருப்பது மெட்டுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தெரியாமைதான் சிரிப்பை உண்டாக்குகிறது.

இதிலிருந்து பாடகருக்கு ஒரே விதிதான் பிறக்கிறது, மற்றதெல்லாம் அதன் கிளைகள். மெட்டுக்குத் தெரியாதது உங்கள் குரலுக்கும் தெரியக் கூடாது. படை வரியில் குரலைக் கனமாக்கினாலோ, கண்ணை உருட்டினாலோ, உதட்டோரம் சிரித்தாலோ, “இது மிரட்டல், கவனியுங்கள்” என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆடியன்ஸ் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் ஒத்திகையில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வீடியோ பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து, ஒலியை அணைத்துவிட்டு ஓட விடுங்கள். படை வரி எப்போது வருகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தால், அதுதான் கோளாறு. முகம் அந்த இடத்திலும் காதலியைப் பார்க்கும் முகமாகவே இருக்க வேண்டும்.

காமெடி வில்லன் என்ற பெயரைக் கேட்டதும் நம் மேடைப் பழக்கம் கரகரத்த குரலுக்கும் எகத்தாளச் சிரிப்புக்கும் போய்விடுகிறது. இந்த மன்னருக்கு அது பொருந்தாது. இவர் தன்னை வில்லனாக நினைக்கவில்லை. தான்தான் ஏமாற்றப்பட்டவன், தன் பக்கம்தான் நியாயம் என்று முழுமனதாக நம்புகிறார். இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் உதவுகிறது. நிஜ மூன்றாம் ஜார்ஜும் அப்படித்தான் நம்பினார். இது ஊகமில்லை, அவர் கைப்படக் கடிதங்கள் இருக்கின்றன. 1774 செப்டம்பரில் பிரதமர் நார்த் பிரபுவுக்கு எழுதும்போது, காய் உருட்டியாகிவிட்டது, குடியேற்றங்கள் ஒன்று பணிய வேண்டும், இல்லை வெல்ல வேண்டும் என்கிறார். நவம்பரில், இனி அடிதடிதான் முடிவு சொல்லும் என்று எழுதுகிறார். 1775 ஜூலையில் குடியேற்றங்களின் பேரவை சமாதான மனு அனுப்பியபோது அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்ட் 23-ம் தேதி அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்துப் பிரகடனம் வெளியிட்டார்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. வரிகளைப் போட்டது மன்னர் தனியாக இல்லை. 1765-ன் முத்திரைச் சட்டம் முதல் 1773-ன் தேயிலைச் சட்டம் வரை எல்லாம் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை. தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கத்தான் செய்தது. குடியேற்றக்காரர்களைக் கொதிக்க வைத்தது, பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரியை விடாமல் வைத்திருந்ததும், கம்பெனிக்குக் கொடுத்த தனிச் சலுகையும்தான். 1775 வரைகூட அவர்களில் பெரும்பாலோர் மந்திரிகளைத்தான் திட்டினார்கள், மன்னரிடம் முறையிட்டார்கள். 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் துண்டுநூல் வந்து மன்னரையே மிருகம் என்று சொன்னது. ஜூலை 4-ம் தேதிச் சுதந்திரப் பிரகடனம் 27 குற்றச்சாட்டுகளை அடுக்கியது. ஒவ்வொன்றுக்கும் எழுவாய் மன்னர்தான். நாடாளுமன்றம் பின்னால் போய், ஒரே ஒரு மனிதன் வில்லனாக முன்னால் நின்றான். ஆக, இந்தப் பாட்டில் வரும் தனியாள் வில்லனை உருவாக்கும் வேலையை நாடகாசிரியருக்கு முன்பே, பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் செய்துவிட்டார் என்பது என் கருத்து. மிராண்டா அந்த வில்லனிடமிருந்து கொடூரத்தை எடுத்துவிட்டு, புண்பட்ட மனதைக் கொடுத்தார்.

அந்த மனிதர் கடல் தாண்டி எங்கும் போனதில்லை. அமெரிக்கர்கள் அவரை நாணயத்திலும் படத்திலும் சிலையிலும்தான் பார்த்திருந்தார்கள். நியூயார்க்கின் போலிங் கிரீனில் குதிரைமேல் அமர்ந்த அவருடைய சிலை ஒன்று இருந்தது, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. 1776 ஜூலை 9 மாலை, சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. ஈயத்தின் பெரும்பகுதி கனெக்டிகட்டுக்குப் போய் 42,088 துப்பாக்கிக் குண்டுகளானது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிராட்வேயில் ஜோனதன் கிராஃப் இந்தப் பாட்டைக் கிட்டத்தட்டச் சிலையாக நின்றுதான் பாடினார். மற்ற எல்லாரும் இடைவிடாமல் ஆடும் மேடையில் மன்னர் மட்டும் அசைவதில்லை. அசைய வேண்டிய தேவை தனக்கு இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. நாடகத்தில் மன்னருக்கு உள்ள மூன்று பாட்டும் சேர்த்து ஏறக்குறைய ஒன்பது நிமிடம் மேடையில் இருந்ததற்கு கிராஃப் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். லண்டனில் இதே வேடத்துக்காக மைக்கேல் ஜிப்சன் 2018-ல் ஆலிவியர் விருது வாங்கினார். அசையாமல் நிற்பதுதான் இந்த வேடத்தின் கஷ்டம். கையை என்ன செய்வது என்று தெரியாமல் பாடகர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் அபிநயம் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கையில் செங்கோல் கொடுங்கள், இன்னொரு கை மேலங்கியின் ஓரத்தைப் பிடித்திருக்கட்டும். மொத்தப் பாட்டுக்கும் மூன்று அசைவுகளுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்து, அவை எந்தச் சொல்லில் என்று தாளில் குறித்துவிடுங்கள். கழுத்து மட்டும் திரும்பலாம். கிரீடம் கனமாக இருந்தால் நல்லது, கழுத்து தானாக மெதுவாகும். அட்டைக் கிரீடம் போட்டால் தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஒத்திகையிலேயே கிரீடத்தைப் போட்டுப் பழகுங்கள். அரங்கேற்ற நாளில் முதல்முறை போட்டால் இரண்டாவது சரணத்தில் நெற்றிக்கு இறங்கிவிடும்.

பைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. பாட்டில், நீ போய்விட்டால் எனக்குப் பித்துப் பிடித்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. மன்னரின் பிற்கால நோயைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு சுருக் இருக்கும். இதை வைத்துக்கொண்டு பலர் ஆரம்பம் முதலே மன்னரை மனநிலை பிறழ்ந்தவராக, கண்கள் துடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்கிறார்கள். வரலாற்றுப்படி அது பொருந்தாது. பாட்டு நடக்கும் காலம் 1775-ஐ ஒட்டியது. அவரைச் செயலிழக்க வைத்த முதல் பெரிய தாக்குதல் 1788-ல்தான் வந்தது. சில மாதங்களில் தெளிந்தார். 1801-லும் 1804-லும் மீண்டும் வந்தது. 1810-க்குப் பிறகு அவர் மீளவில்லை, 1811 முதல் மகன் ஆட்சிப் பொறுப்பு ஏற்றார், 1820 ஜனவரி 29 அன்று மன்னர் இறந்தார். இவ்வளவும் உறுதி. நோய் என்ன என்பதில்தான் சந்தேகம். 1960-களில் இரண்டு மருத்துவர்கள் அது போர்ஃபிரியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு என்று எழுதினார்கள், பாடநூல்களுக்கும் அது போய்விட்டது. பின்னால் ஆவணங்களை மறுபடி ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இருதுருவ மனநோயின் கிளர்ச்சி நிலை என்று கருதுகிறவர்கள் இன்று அதிகம். இருநூறு ஆண்டு கழித்துக் காகிதத்தை வைத்துச் செய்யும் நோயறிதலுக்கு எல்லை உண்டு. உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்த வரியை ஒரு காதலன் சும்மா சொல்லும் மிகையாகவே பாடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

இனி குரல். அசல் சுருதி சி மேஜர், ஒரு கட்டை. மேல்ஸ்தாயியில் தங்கும் இடங்கள் டெனார் எனப்படும் உயர்ந்த ஆண் குரலுக்கு வசதியாக அமைந்தவை. உங்கள் குரல் தாழ்ந்ததாக இருந்தால் சுருதியை இறக்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் மிக இறக்கினால் தொடக்க வரிகள் முனகலாகிவிடும். குரலைக் கேட்காமல் எவ்வளவு இறக்கலாம் என்று நான் சொல்ல முடியாது. மேலே உச்சம் தொடும் இடத்தில் கத்தாமலும், தொடக்கத்தில் முணுமுணுக்காமலும் பாட முடிகிற சுருதி எதுவோ அதுதான் உங்களுடையது. கர்நாடக இசை கற்றவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது பலம்தான், இந்தப் பாட்டில் ஓர் இடைஞ்சலும்கூட. நீட்டும் சுவரங்களில் உங்களை அறியாமல் கமகம் விழும். இங்கே சுவரம் அசையாமல் நேராக நிற்க வேண்டும். கடைசி நொடியில் லேசான அதிர்வு வந்தால் போதும். சங்கதி போடும் ஆசையை அறவே விடுங்கள். நீட்டும் இடங்களை மட்டும் தம்புராவோடு தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கை அசையாமல் பிடித்துப் பழகுங்கள்.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல்கள் எனக்கு நன்றாகப் பரிச்சயம். முதலாவது, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்வது. பல்லவியின் ‘பேக்’ ‘பேக்கு’ என்றும், முடிவில் வரும் ‘லவ்’ ‘லவ்வு’ என்றும் ஆகிவிடும். ஓர் அசை கூடினால் மெட்டின் முடிச்சு அவிழ்ந்துவிடும். சொல்லை மூடிவிட்டு வாயை அப்படியே வைத்திருங்கள். இரண்டாவது, வகரம். கீழுதட்டைப் பல் தொடும் ஒலியும், உதடு குவியும் ஒலியும் ஆங்கிலத்தில் வேறு வேறு. நாம் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்கிறோம். மூன்றாவது, டகரத்தை நாக்கை மடித்துச் சொல்வது. மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் நாக்கு நுனி தட்டினால் போதும். படைப்பிரிவைக் குறிக்கும் ‘பட்டாலியன்’ என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும், முதல் அசையில் விழுந்தால் தாளத்தோடு மோதும். மன்னர் பேசுவது இங்கிலாந்து மேட்டுக்குடி ஆங்கிலம், ஆகவே உயிருக்குப் பின்னால் வரும் ரகரம் ஒலிக்காது. இந்த ஐந்தையும் கவனித்தால் போதும். போலி பிரிட்டிஷ் உச்சரிப்பை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் அதுவே கேலியாகி, மன்னரின் நேர்மை போய்விடும்.

மூச்சுக்கு இரண்டு இடங்களில் திட்டம் வேண்டும். படை வரிக்கு முன்னால் உள்ள சிறு இடைவெளியில் வயிற்றுவரை இழுத்துக்கொண்டு, 17 அசைகளையும் உடைக்காமல் கொண்டுபோக வேண்டும். நடுவில் மூச்சு எடுத்தால் வழியும் தன்மை போய்விடும். அடுத்தது நடுப்பகுதி. பேச்சை மாற்றாதே என்று தொடங்கி, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் குடிமகளைக் கொஞ்சும் வரிகள் வேகமாக வரும். அங்கே சொற்களை நாவால் மட்டும் சொல்லிப் பழகுங்கள்: முதலில் மெட்டில்லாமல், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாட்டின் வேகத்தில் முக்கால்வாசிக்கு வைத்து, தடுக்காமல் வந்ததும் ஐந்து ஐந்து புள்ளியாக ஏற்றி முழு வேகத்துக்குப் போங்கள். அதன் பின்னால் வரும் இரண்டாவது மிரட்டல் முதலாவதைவிட மோசமானது. படை போய், நண்பர்களையும் குடும்பத்தையும் கொல்வேன் என்று நேரடியாக வருகிறது. அதை முதலாவதைவிடச் சத்தமாகப் பாடத் தோன்றும். ஒரு படி மென்மையாகப் பாடுங்கள். சொல் கொடூரமாக ஆக ஆகக் குரல் இனிமையாக வேண்டும்.

சிரிப்பு வந்தால் நிறுத்தி வழிவிட வேண்டுமா? வேண்டாம். பாட்டிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறது. மிரட்டல் முடிந்த கையோடு ‘டா டா டா’ என்று சொல்லே இல்லாத பகுதி வருகிறது. எவ்வளவு சிரித்தாலும் அங்கே தவறிப்போக ஒரு சொல்லும் இல்லை, ஆகவே நிற்காமல் பாடிக்கொண்டே போகலாம். கரோக்கி டிராக்கோடு பாடுகிறவருக்கு இது பெரிய உதவி. இந்தப் பகுதியைச் சின்னக் குழந்தைப் பாட்டுபோல, வாயசைவு குறைவாக, தனக்குத்தானே மகிழ்ந்து பாட வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தாளத்தில் முந்துகிறார்கள். சொற்கள் இல்லாததால் பிடிமானம் போய்விடும். இடதுகால் கட்டைவிரலால் ஷூவுக்குள் தாளம் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது. கடைசி முறை வரும்போது மன்னர் எல்லாரும் பாடுங்கள் என்று ஆணையிடுகிறார். அதைப் பாடகர் ஆடியன்ஸை உற்சாகப்படுத்தும் தொனியில் சொல்லக் கூடாது. மறுப்பே எதிர்பாராத அரச உத்தரவாக, ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். உங்கள் விழாவில் பின்னணிக் குழு இல்லையென்றால் முதல் வரிசையில் நான்கைந்து நண்பர்களை முன்கூட்டியே உட்கார வையுங்கள். அவர்கள் தொடங்கினால் அரங்கம் சேர்ந்துகொள்ளும். யாரும் தொடங்காவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

மன்னரின் மூன்று பாட்டையும் சேர்த்துப் பாடலாமா என்று யோசித்தால், நேரம் இருந்தால் பாடுங்கள் என்பதுதான் என் பதில். மூன்றுக்கும் மெட்டு ஒன்றே, பின்னவை இரண்டும் சிறியவை. இரண்டாவது, 1781 அக்டோபர் 19-ம் தேதி யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்த பிறகு வருகிறது. இந்தக் கார்ன்வாலிஸ்தான் ஐந்து ஆண்டு கழித்து இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும், சேலம், தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் வாங்கிக்கொண்டு, அவர் மகன்கள் இருவரைப் பணயமாகக் கொண்டுவந்தவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம். நாடகத்தில் இந்த இடத்தில் மன்னர் மனமுடைந்து கேட்கிறார்: சரி, விடுதலை கிடைத்துவிட்டது, அடுத்து என்ன செய்யப் போகிறாய், ஆள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நிஜ மன்னர் அந்த நாட்களில் பதவி விலகுவதாகக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டார். மூன்றாவது பாட்டு 1797-ல் ஜான் ஆடம்ஸ் அதிபராவதைக் கேட்டு அவர் வியப்பது. நிஜத்தில் அவர்கள் 1785 ஜூன் 1-ம் தேதி சந்தித்தார்கள். பிரிவுக்குச் சம்மதித்தவர்களில் நான் கடைசி, ஆனால் தனிநாடாகிவிட்ட உங்கள் நட்பை வரவேற்பதில் முதல் ஆள் என்ற பொருளில் மன்னர் பேசியதை ஆடம்ஸே பதிவு செய்திருக்கிறார். முதல் பாட்டில் எந்த மன்னரைப் பார்த்துச் சிரித்தோமோ, அவர் கேட்ட கேள்விதான் நாடகத்தின் இரண்டாம் பாதி முழுக்க ஓடுகிறது. ஆகவே இரண்டாவது பாட்டில் சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள், அந்தக் கேள்வியை உண்மையாகவே கேளுங்கள். மூன்றையும் ஒரே மனநிலையில் பாடினால் ஒரே பாட்டை மூன்று முறை கேட்ட அலுப்புதான் மிஞ்சும்: முதலில் நிச்சயம், அடுத்து வலி, கடைசியில் வேடிக்கை பார்க்கும் குதூகலம்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குள் ஒரு பாட்டைப் பாடுவது வேறு. வேடம், வசனம், காட்சியமைப்போடு நாடகப் பகுதியாக அரங்கேற்றுவது வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை. 2022-ல் டெக்சாஸில் ஒரு தேவாலயம் அனுமதியில்லாமல், வசனத்தையும் மாற்றி இந்த நாடகத்தை மேடையேற்றி இணையத்திலும் ஒளிபரப்பியது. பின்னர் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தர ஒப்புக்கொண்டது. உங்கள் விழாவை யூடியூபில் நேரலையாகக் காட்டப் போகிறார்கள் என்றால், உங்கள் பாட்டு வரும் நேரத்தில் மட்டும் ஒளிபரப்பை நிறுத்தி வைக்கும்படி ஒருங்கிணைப்பாளரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். அசல் கரோக்கி டிராக் ஓடினால் தானியங்கி உரிமைச் சோதனை விழா முழுவதன் வீடியோவையும் முடக்கிவிட வாய்ப்பு இருக்கிறது.